வட்டவலைச் சிலந்திகள்: நூலையே செவியாகக் கொண்ட உயிர்கள்

சிலந்தி வலை என்றதும் தமிழ் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது விட்டத்தின் மூலையில் தூசு படிந்து தொங்கும் ஒட்டடையாக இருக்கலாம்; ஆனால் வலையைத் தாளில் வரையச் சொன்னால், நடுவிலிருந்து நாலாபுறமும் கோடுகள் பிரிந்து ஓட, அவற்றின் குறுக்கே இழை சுற்றிச் சுற்றி வரும் ஒரு சக்கரத்தைத்தான் எவரும் வரைவர். இவ்விரண்டும் ஒரே உயிரின் வேலையல்ல. ஒட்டடையைச் சேர்ப்பவை, மெலிந்த நீண்ட கால்களுடன் வீட்டுக்குள் வாழும் வேறு சில குடும்பங்களின் சிலந்திகள். தோட்டத்துச் செடிகளுக்கு இடையிலும் வேலியிலும் வயல் வரப்பிலும் காட்டுப் பாதையின் குறுக்கிலும் சக்கர வலையைக் கட்டுபவற்றுள் பெரும்பாலானவை, விலங்கியலார் ‘அரானிடே’ என்று பெயரிட்டுள்ள வட்டவலைச் சிலந்திக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட சிலந்தி இனங்கள் 50,000-ஐக் கடந்துவிட்டன. அவற்றுள் 3,000-க்கும் மேற்பட்டவை இக்குடும்பத்தின. இவற்றைப் பற்றிய முறையான ஆய்வின் தொடக்கத்திலேயே ஒரு சிறப்பு உண்டு. விலங்குகளுக்கு இருசொற் பெயர் இடும் முறை 1758இல் லின்னேயஸ் வெளியிட்ட நூலிலிருந்தே தொடங்குவதாக அறிவியல் உலகம் கொள்கிறது. ஆனால் அதற்கு ஓராண்டு முன்னரே, 1757இல், ஸ்வீடன் நாட்டுக் கார்ல் கிளர்க் தம் நாட்டுச் சிலந்திகளைப் பற்றி எழுதிய நூலில் இட்ட பெயர்கள் மட்டும் விதிவிலக்காக ஏற்கப்பட்டு இன்றும் வழங்கிவருகின்றன. முதுகில் வெண்புள்ளிகள் சிலுவைபோல் அமைந்த ஐரோப்பியத் தோட்டச் சிலந்தி அவ்வாறு பெயர் பெற்றவற்றுள் ஒன்று. பிற்காலத்தில் வலை பற்றி நடந்த ஆராய்ச்சிகளில் பெரும்பகுதி இந்த ஒரே இனத்தைக் கொண்டே நடந்தது.

வலையை வீடு என்று சொல்வோரும் உண்டு, கண்ணி என்று சொல்வோரும் உண்டு. வட்டவலைச் சிலந்தியைப் பொறுத்தவரை இரண்டும் முழு உண்மையாகா. தன் உடலிலிருந்து புரதத்தை நூலாக இழுத்துக் கட்டி, அதன் அதிர்வால் உலகத்தை அறிந்து, அதைக்கொண்டே இரையைப் பற்றி, மறுநாள் அதையே உண்டு உடலுக்குள் திருப்பிக்கொள்ளும் இந்த உயிருக்கு, வலை என்பது உடலுக்கு வெளியே விரிந்திருக்கும் மற்றோர் உறுப்பு என்று கொள்வதே பொருந்தும். இக்குடும்பத்தின் உடலமைப்பும் பழக்கங்களும் இந்த ஒரு கருத்தைச் சுற்றியே புரிபடுகின்றன.

எட்டுக்கால் பூச்சி என்று பேச்சில் வழங்கினாலும் சிலந்தி பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. பூச்சிக்கு ஆறு கால்களும் தலை, மார்பு, வயிறு என்ற மூன்று உடற்பகுதிகளும் உண்டு. சிலந்திக்கோ எட்டுக் கால்கள், தலையும் மார்பும் ஒன்றாய் இணைந்த தலைமார்பு, அதனுடன் மெல்லிய இடையால் ஒட்டிய வயிறு என இரண்டே பகுதிகள். இறகுகளோ உணர்கொம்புகளோ கிடையா. வயிற்றின் அடியில் ஏடுகள் அடுக்கியதுபோல் அமைந்த புத்தக நுரையீரலால் மூச்சு விடுகிறது. அதன் குருதியில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்பு கொண்ட ஹீமோகுளோபின் அன்று, செம்பு கொண்ட ஹீமோசயனின் என்ற பொருள். ஆகவே அக்குருதி சற்றே நீலம் பாய்ந்திருக்கும். கால்களை மடக்கத் தசை இருந்தும், சில முக்கிய மூட்டுகளை நீட்டத் தசை இல்லாததால், உடலுக்குள் உள்ள நீர்மத்தை அழுத்தித்தான் சிலந்தி காலை நீட்டுகிறது. இறந்த சிலந்தியின் கால்கள் எல்லாம் உள்நோக்கிச் சுருண்டு கிடப்பது அந்த அழுத்தம் போய்விட்டதாலேயே.

வட்டவலைச் சிலந்திக்குக் கண்கள் எட்டு, நான்கு நான்காக இரு வரிசையில். எண்ணிக்கை இவ்வளவு இருந்தும் பார்வை மிக மங்கல். வெளிச்சம், இருள், பெரிய நிழல் ஒன்றின் அசைவு ஆகியவற்றுக்கு மேல் அவற்றால் அதிகம் பயனில்லை. தாவிக் குதிக்கும் சிலந்திகள் கூரிய கண்ணால் வேட்டையாட, இக்குடும்பத்தின் அறிவு முழுவதும் கால்களில் குடிகொண்டிருக்கிறது. கால்களின் மேலோட்டில், மூட்டுகளுக்கு அருகே, நுண்ணிய பிளவுகள் வரிவரியாக உள்ளன. ஓடு மிகச் சிறிதளவு நெளிந்தாலும் அப்பிளவுகள் அமுங்கி நரம்புக்குச் செய்தி அனுப்புகின்றன. இத்தகைய உணர்வுறுப்பு நூலின் மீது கால் வைத்து நிற்கும் உயிருக்கு வாய்த்திருப்பதால்தான் நூல் ஒவ்வொன்றும் அதற்குச் செய்தி கொண்டுவரும் வழியாகிறது.

நூல் பிறக்கும் இடம் வயிற்றின் பின்முனை. அங்கு மூன்று இணையாக ஆறு நூற்புக் காம்புகளும், அவற்றின் நுனியில் கண்ணுக்குத் தெரியாத பல நுண்துளைகளும் உள்ளன. வயிற்றினுள் பெண் சிலந்திக்கு ஏழு வகைச் சுரப்பிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேலைக்கான பட்டைத் தருகிறது. வலையின் சட்டத்துக்கும் தான் தொங்கும் உயிர்க்கயிற்றுக்கும் ஒருவகை, தற்காலிகச் சாரமாகப் போடும் இழைக்கு வேறொன்று, இரையைப் பிடிக்கும் சுருள் இழைக்கு ஒன்று, அவ்விழைமேல் பூசும் பசைக்கு மற்றொன்று, நூலின் நுனியை இலையிலோ சுவரிலோ ஒட்டவைக்கும் சாந்துக்கு ஒன்று, இரையைச் சுற்றிக் கட்டும் பட்டைத் துணிக்கு ஒன்று, முட்டைப்பைக்கு ஒன்று. 2017இல் அமெரிக்கப் பொன்வலைச் சிலந்தி ஒன்றின் மரபணுத் தொகுப்பை முழுமையாகப் படித்தவர்கள் அதில் பட்டுப் புரதங்களுக்கென்றே 28 மரபணுக்கள் இருப்பதைக் கண்டனர்.

சுரப்பிக்குள் இருக்கும்வரை பட்டு கெட்டியான திரவம். அது வளைந்து நெளிந்து செல்லும் ஒரு மெல்லிய குழாய் வழியே வெளியேறும்போது, வழியில் அமிலத்தன்மை கூடுகிறது, உப்புகள் மாறுகின்றன, நீர் உறிஞ்சப்படுகிறது. இவற்றோடு இழுவிசையும் சேரப் புரத மூலக்கூறுகள் நீண்டு, வரிசையாய் அடுக்கி, நொடிக்கும் குறைந்த நேரத்தில் திடநூலாகிவிடுகின்றன. சிலந்தி நூலைப் பீய்ச்சுவதில்லை. காலால் இழுத்தோ, நுனியை ஒட்டிவிட்டுத் தன் உடல் எடையால் கீழே இறங்கியோதான் நூலை வெளியே எடுக்கிறது. அறை வெப்பத்தில், நச்சுக் கரைப்பான் ஏதுமின்றி, நீரை மட்டும் கொண்டு இவ்வளவு வலிய இழையை உருவாக்கும் வித்தையை எந்தத் தொழிற்சாலையும் முழுதாக இன்னும் கைவரப் பெறவில்லை.

நூலின் வலிமை பற்றிப் பொதுவாக மிகையான பேச்சுகள் உலவுவதால் அதைச் சற்றுப் பிரித்துச் சொல்லவேண்டும். ஒரு பொருளை அறுக்கத் தேவைப்படும் விசை வேறு. அறுபடும் முன் அது உள்வாங்கிக்கொள்ளும் ஆற்றல் வேறு. முதற்கணக்கில் சிலந்தியின் சட்ட நூல் அதே தடிமனுள்ள உயர்தர எஃகை நெருங்குகிறதேயன்றி மிஞ்சிவிடவில்லை. ஆனால் அதன் அடர்த்தி எஃகினதில் ஆறில் ஒரு பங்குதான் என்பதால் எடைக்கு எடை ஒப்பிட்டால் நூலே வலியது. இரண்டாம் கணக்கிலோ எஃகு நூலுக்கு அருகிலும் வர முடியாது. ஏனெனில் எஃகு சிறிது நீண்டதும் அறுந்துபோக, சட்ட நூல் தன் நீளத்தில் மூன்றில் ஒரு பங்குவரை நீண்டு கொடுக்கிறது. இதில் உச்சத்தைத் தொட்டது மடகாஸ்கர் தீவில் ஆறுகளின் குறுக்கே வலை கட்டும் டார்வின் மரப்பட்டைச் சிலந்தி. 2010இல் அறிவியலுக்கு அறிமுகமான இந்த இனம் ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு 25 மீட்டர் வரை நூற்பாலம் அமைத்து, நீரோட்டத்துக்கு மேலே மூன்று சதுர மீட்டரை நெருங்கும் வலையைத் தொங்கவிடுகிறது. ஆற்றலை உள்வாங்கும் திறனில், அளந்தறியப்பட்ட உயிரிப் பொருள்களில் அதன் நூலுக்கு ஈடானது இல்லை என்று அப்போது அறிவிக்கப்பட்டது. அச்சிலந்தியின் உடலோ இரண்டு சென்டிமீட்டர் அளவே.

வலை கட்டும் முறையைப் புரிந்துகொள்ள மாட்டுவண்டிச் சக்கரத்தின் உறுப்புகளைத் துணைக்கு அழைப்பது எளிது: நடுவில் குடம், குடத்திலிருந்து புறப்படும் ஆரக்கால்கள், அவற்றைத் தாங்கும் வெளிவட்டை. முதல் வேலை வெட்டவெளியைக் கடப்பது. சிலந்தி ஒரு கிளை நுனியில் நின்று மெல்லிய நூலைக் காற்றில் விடுகிறது. அது மிதந்து சென்று எதிரிலுள்ள கிளையிலோ கம்பத்திலோ சிக்கியதும், இழுத்துப் பார்த்து, அதன்மேல் நடந்து வலுவான நூலைப் பதிக்கிறது. பின்னர்த் தளர்வான ஒரு நூலின் நடுவிலிருந்து கீழே தொங்கி, அதை இழுத்துக் கட்டும்போது கவைபோன்ற வடிவம் கிடைக்கிறது. மூன்று கோடுகளும் சந்திக்கும் அந்த இடமே குடம். அங்கிருந்து ஆரக்கால்களை, பக்கத்துக்கு ஒன்றாக மாறிமாறி, இழுவிசை ஒருபுறம் சாய்ந்துவிடாதபடி போடுகிறது. அவை முடிந்ததும் குடத்திலிருந்து வெளிநோக்கி, அகன்ற இடைவெளியுடன், ஒட்டாத இழையால் ஒரு சுருளைச் சுற்றுகிறது. இது கொத்தனார் கட்டும் சாரம் போன்றது. ஆரக்கால்களை அசையாமல் பிடித்துக்கொள்வதும், சிலந்தி கால் வைத்து நடக்க வழி செய்வதும் அதன் பணி. கடைசியாகத்தான் இரைபிடிக்கும் சுருள். அது வெளிவட்டையிலிருந்து உள்நோக்கி நெருக்கமாக வருகிறது. ஒவ்வோர் ஆரக்காலிலும் இழையை ஒட்டும் முன் முன்னங்காலால் முந்தைய சுற்றைத் தொட்டு இடைவெளியை அளந்துகொள்ளும் சிலந்தி, போகிற போக்கில் பழைய சாரத்தை வெட்டி அகற்றிவிடுகிறது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள், பெரும்பாலான இனங்களில் இருளிலேயே, கண்ணின் உதவியின்றி, இவ்வளவும் முடிந்துவிடுகிறது. இதைச் சிலந்திக்கு எவரும் கற்றுக்கொடுப்பதில்லை. முட்டைப்பையிலிருந்து வெளிவந்த குஞ்சும் தன் அளவுக்கேற்ற முழுச் சக்கரத்தைக் கட்டுகிறது.

சுருள் இழை சட்ட நூலுக்கு நேர்மாறானது. விரைந்து பறந்துவரும் பூச்சி விறைப்பான கம்பியில் மோதினால் எகிறிப் போய்விடும். ஆகவே இவ்விழை தன் நீளத்தைப்போல் மும்மடங்கு வரை நீண்டு, மோதலின் வேகத்தை வாங்கிக்கொண்டு, பூச்சியைத் திருப்பி எறியாமல் தாங்குகிறது. அதன்மேல் முதலில் சீராகப் பூசப்படும் பசை, குழாயிலிருந்து ஒழுகும் நீர் சொட்டுகளாகப் பிரிவது எந்த இயற்பியல் விதியாலோ அதே விதியால், சற்று நேரத்தில் முத்துக் கோத்தது போன்ற நுண்துளிகளாகிவிடுகிறது. ஒவ்வொரு துளியிலும் ஒட்டும் புரதமும், காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் உப்புகளும் உள்ளன. இந்த ஈரம் இருக்கும்வரைதான் பசை வேலை செய்யும். வெயிலும் தூசியும் பட்டுச் சில மணி நேரத்தில் அது தன் திறத்தை இழப்பதாலேயே இக்குடும்பத்தில் பல இனங்கள் நாள்தோறும் வலையைப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பழைய வலை வீணாவதில்லை. சிலந்தி அதைச் சுருட்டி உருண்டையாக்கி உண்டுவிடுகிறது. 1971இல் கதிரியக்க அடையாளம் இட்ட பட்டைக் கொண்டு நடந்த ஆய்வில், உண்ட வலையின் புரதத்தில் பெரும்பகுதி மிகக் குறுகிய நேரத்திலேயே புதிய வலையில் மீண்டும் வந்து சேர்வது தெரியவந்தது. தோட்டச் சிலந்தியின் முழு வலை ஒரு மில்லிகிராம் எடைகூட இராது. எனினும் இரை கிடைக்கும் என்ற உறுதி இல்லாத வாழ்வில் அந்த அளவு புரதத்தையும் இழக்க இவ்வுயிர் ஒப்புவதில்லை. திருவானைக்கா தலவரலாற்றில், வெண்நாவல் மரத்தடியில் இருந்த சிவலிங்கத்தின்மேல் சருகு விழாதபடி ஒரு சிலம்பி வலை விதானம் அமைத்ததாகவும், யானை அதைச் சிதைத்தபின்னும் அது மீண்டும் அமைத்ததாகவும், அச்சிலம்பியே பின்னர்க் கோச்செங்கட் சோழனாகப் பிறந்ததாகவும் சொல்லப்படுகிறது. பக்திக் கதைதான் என்றாலும், சிதைந்த வலையைச் சளைக்காமல் மறுபடி கட்டும் பழக்கத்தைக் கண்ணால் பார்த்தவர்களிடமிருந்தே அது பிறந்திருக்க வேண்டும்.

கட்டி முடித்ததும் சிலந்தி குடத்தில் தலைகீழாக அமர்ந்து, எட்டுக் கால்களையும் ஆரக்கால்கள்மேல் பரப்பிவைத்துக் காத்திருக்கிறது. அல்லது ஓர் இலைச் சுருளுக்குள் ஒளிந்து, குடத்திலிருந்து வரும் ஒரே ஒரு செய்தி நூலைக் காலால் பிடித்திருக்கிறது. சிக்கிய பூச்சியின் துடிப்பு, விழுந்த சருகின் ஒற்றை அதிர்ச்சி, காற்றின் மெதுவான ஆட்டம், பெண்ணை நாடிவந்த ஆண் திட்டமிட்டு மீட்டும் நூல் என இவை அனைத்தையும் அது பிரித்தறிகிறது. அசையாமல் ஒட்டிக் கிடக்கும் பூச்சியைக் கண்டறிய, ஆரக்கால்களை ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து, எந்த நூலில் பாரம் இருக்கிறது என்பதை உணர்ந்துகொள்ளும். 2022இல் அமெரிக்காவின் பிங்ஹாம்ட்டன், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பாலங்களில் வலை கட்டும் ஓர் இனத்தைக் கொண்டு இதற்கும் ஒருபடி மேலான உண்மையைக் காட்டினர்: காற்றில் வரும் ஒலி வலையின் நூல்களை அசைக்க, அவ்வசைவின் வழியே சிலந்தி தூரத்து ஒலியைக் கேட்கிறது, ஒலி வரும் திசைக்குத் திரும்பவும் செய்கிறது. செவிப்பறையே இல்லாத ஓர் உயிர், தன் உடலைவிடப் பல மடங்கு பெரிய செவியைத் தானே நெய்துகொள்கிறது என்பதைவிட வலையை உறுப்பு என்று சொல்ல வேறு சான்று தேவையில்லை.

வலை கட்டும் சிலந்தி எதைக் கொண்டு மேல்கீழ் அறிகிறது என்ற கேள்விக்கு விண்வெளியிலிருந்து விடை வந்தது. சாதாரண வலையில் குடம் நட்டநடுவில் இருப்பதில்லை, சற்று மேலே இருக்கும். கீழ்நோக்கி ஓடுவது சிலந்திக்கு விரைவாக முடியும் என்பதால் வலையின் கீழ்ப்பகுதி பெரிதாக அமைகிறது. 1973இல் ஒரு பள்ளி மாணவி முன்வைத்த யோசனையை ஏற்று, அமெரிக்க விண்வெளி நிலையமான ஸ்கைலாபுக்கு அரபெல்லா, அனிதா என்று பெயரிட்ட இரண்டு தோட்டச் சிலந்திகள் அனுப்பப்பட்டன. எடையற்ற நிலையில் முதலில் தாறுமாறாக இழையோட்டிய அவை, சில நாள்களில் ஒழுங்கான சக்கரத்தையே கட்டின. 2011இல் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட பொன்வலைச் சிலந்திகளின் படங்களை ஆராய்ந்தபோது இன்னொன்றும் புலப்பட்டது: விளக்கு எரியாத நேரத்தில் கட்டிய வலைகளில் குடம் நடுவில் இருந்தது, விளக்கு எரிந்தபோதோ, புவியீர்ப்பு இல்லாத அவ்விடத்திலும், வெளிச்சம் வரும் திசையை மேற்புறமாகக் கொண்டு சிலந்திகள் வலை கட்டின.

இரை சிக்கியதும் நடப்பது இனத்துக்கு இனம், இரைக்கு இரை மாறுபடும். வெட்டுக்கிளிபோன்ற வலுத்த இரையானால் முதலில் பின்னங்கால்களால் பட்டை நாடாவாக வீசிச் சுற்றிக் கட்டிவிட்டுப் பின்பே கடிக்கிறது. அந்துப்பூச்சியானால் முறை தலைகீழாகும். அதன் இறகில் உள்ள செதில்கள் பசையில் கழன்றுவிடுவதால் அது எளிதில் தப்பிவிடும், எனவே ஓடிச்சென்று முதலில் கடிக்கிறது. கெட்டியான உணவை விழுங்க இயலாததால் செரிமான நீரை இரையின்மேல் உமிழ்ந்து, கரைந்ததை உறிஞ்சிக்கொள்கிறது. கடிக்கும்போது செலுத்தும் நஞ்சு பூச்சிகளுக்கே உரியது. கையில் பிடித்து நசுக்கினால் கடிக்கக் கூடுமே தவிர, மனிதருக்கு அஞ்சத்தக்க தீங்கு செய்யும் சிலந்திகளின் வரிசையில் வட்டவலைச் சிலந்திகள் இல்லை.

ஒரே அடிப்படைத் திட்டத்திலிருந்து இக்குடும்பம் எத்தனை வழிகளில் பிரிந்து சென்றிருக்கிறது என்பது வியப்புக்குரியது. தோட்டங்களிலும் வயல்களிலும் காணப்படும் ஆர்கியோபே இனங்கள், எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறிபோல் அமர்ந்து, அதே குறியை வெள்ளைப் பட்டால் வலையிலும் தைத்துவைக்கின்றன. இந்த அலங்காரத்தின் பயன் குறித்து அறிஞரிடையே நெடுநாள் விவாதம் நடக்கிறது: புற ஊதா ஒளியை எதிரொளித்துப் பூச்சிகளை ஈர்க்கிறது என்பர் சிலர், பறவைகள் மோதி வலையைக் கிழிக்காமல் எச்சரிக்கிறது என்பர் வேறு சிலர். எல்லா இனங்களுக்கும் ஒரே விடை பொருந்தாது என்று கருதவே இடமிருக்கிறது. சைக்லோசா என்ற சிறு சிலந்திகள் உண்ட பூச்சிகளின் சக்கைகளை வலையின் குறுக்கே வரிசையாகக் கோத்து, அவ்வரிசையில் தாமும் ஒரு குப்பையாக அமர்ந்துவிடுகின்றன. கேஸ்டராகாந்தா இனத்துப் பெண்களின் வயிறு ஓடுபோல் கெட்டியாகி, விளிம்பில் முட்கள் நீண்டு, பறவை விழுங்க இயலாதபடி இருக்கிறது. சிர்டோஃபோரா இனங்களோ பசையையே துறந்துவிட்டன. நெருக்கமான வலையைக் கிடையாக விரித்து, மேலும் கீழும் குறுக்கு நூல்கள் பின்னி, கூடாரம்போல் நிலையான வலை அமைத்துக் கூட்டமாக வாழ்கின்றன.

எல்லாவற்றிலும் விந்தையானது வலையையே கைவிட்டவற்றின் கதை. அமெரிக்காவின் மாஸ்டோஃபோராவும், இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளில் வாழும் ஆர்ட்கேரியஸும் ஒற்றை நூலின் நுனியில் ஒரு பசை உருண்டையைத் தொங்கவிட்டுக் காலில் பிடித்துக்கொள்கின்றன. மாஸ்டோஃபோராவைப் பற்றிய ஆய்வுகள் அது எவ்வாறு இரை பிடிக்கிறது என்பதை விளக்கின: பெண் அந்துப்பூச்சி ஆணை அழைக்கச் சுரக்கும் மணப்பொருளை, அதாவது ஃபெரோமோனைப் போன்ற ஒன்றைத் தானே சுரந்து, அதை நம்பி அருகில் வரும் ஆண் அந்துப்பூச்சிகளைப் பசை உருண்டையை வீசிப் பிடிக்கிறது. சக்கர வலையில் எளிதில் சிக்காத இரையைப் பிடிக்க, வலை ஒரு சொட்டுப் பசையாகச் சுருங்கியிருக்கிறது.

இக்குடும்பத்தில் வலையோடு பெரிய உடலும் பெண்ணுக்கே உரியது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் மரங்களுக்கிடையே ஒரு மீட்டருக்கு மேல் அகலமான, வெயிலில் பொன்னாய் மின்னும் வலையைக் கட்டும் நெஃபிலா பிலிபெஸ் பெண்ணின் உடல் மட்டும் மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர். ஆணோ அரை சென்டிமீட்டரை ஒட்டியது. பருவம் எய்திய ஆண் வலை கட்டுவதை விட்டுவிட்டுப் பெண்ணின் வலையைத் தேடி அலைகிறது. வாயருகே உள்ள இரண்டு குறுங்கைகளின் நுனியில் விந்தை நிரப்பிக்கொண்டு, பெண்ணின் வலையோரம் நின்று தன் இனத்துக்கே உரிய தாளத்தில் நூலை மீட்டித் தான் இரையல்ல என்று தெரிவிக்க வேண்டும். இணைந்தபின் பெண் ஆணைத் தின்றுவிடுவது பல இனங்களில் நடப்பதுதான். ஆனால் எல்லா இனங்களிலும் எப்போதும் அவ்வாறே என்பது தவறு. நெஃபிலா பிலிபெஸ் ஆண், பெண்ணின் முதுகில் மெல்லிய நூல்களைப் பதித்து அதன் சீற்றத்தைத் தணிக்கிறது. மலபாரின் பெயரைத் தன் பெயரில் தாங்கிய நெஃபிலெஞ்சிஸ் மலபாரென்சிஸ் என்ற இனத்தில் ஆண் தன் குறுங்கையைப் பெண்ணின் உடலிலேயே முறித்துவிட்டு விலகுகிறது. முறிந்த உறுப்பு அதன்பின்னும் விந்தைச் செலுத்திக்கொண்டிருப்பதையும், இவ்வாறு உறுப்பிழந்த ஆண் எடை குறைந்து, முன்னிலும் மூர்க்கமாகப் போரிட்டு மற்ற ஆண்களை விரட்டுவதையும் சிங்கப்பூரில் நடந்த ஆய்வுகள் காட்டின.

முட்டைகளைப் பட்டுப் பையில் பொதிந்து இலையடியிலோ மரப்பட்டையிலோ ஒட்டிவைப்பதோடு பல இனங்களில் தாயின் வாழ்வும் முடியும் தறுவாயை அடைகிறது. வெளிவந்த குஞ்சுகள் சில நாள் திரளாக இருந்துவிட்டு, புல் நுனியில் ஏறி வயிற்றை உயர்த்தி நூல்களை விட்டுக் காற்றோடு பறக்கின்றன. 1832இல் பீகிள் கப்பலில் பயணம் செய்த டார்வின், தென் அமெரிக்கக் கரையிலிருந்து ஏறத்தாழ 60 மைல் தொலைவில் ஏராளமான சிறு சிலந்திகள் பாய்மரக் கயிறுகளில் வந்து இறங்கியதைக் குறித்துவைத்தார். காற்று மட்டுமன்றி வளிமண்டலத்தின் மின்புலமும் இப்பறத்தலுக்கு உதவுகிறது என்பது வேறொரு குடும்பச் சிலந்தியைக் கொண்டு 2018இல் நிறுவப்பட்டது.

பிழைத்து வளர்பவை சிலவே. பறவைகளும் பல்லிகளும் போக, வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவிகள் இவற்றின் பெரும் பகைவர். மதராசின் பெயரால் வழங்கும் ஸ்கெலிஃப்ரான் மதராஸ்பதானம் என்ற குளவி, சிலந்திகளைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து, உயிரோடு மண்கூட்டுக்குள் அடைத்து, அவற்றின்மேல் முட்டையிட்டு மூடிவிடுகிறது. பழைய குளவிக் கூட்டை உடைத்துப் பார்த்தால் உள்ளே சிலந்திகளின் மிச்சம் கிடைப்பது இதனால்தான். பெரிய வலைகளின் ஓரத்தில் வெள்ளித்துளிபோல் மின்னும் ஆர்ஜிரோடெஸ் என்ற சிறு சிலந்திகள் சொந்த வலை கட்டாமல், வலைக்குரியவள் கவனிக்காத சிறு பூச்சிகளைத் திருடித் தின்று காலம் கழிக்கின்றன.

சிலந்தியின் பட்டைத் துணியாக்கும் ஆசை மனிதனுக்கு 300 ஆண்டுகளாக உண்டு. மடகாஸ்கரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொன்வலைச் சிலந்திகளைக் காட்டிலிருந்து பிடித்து, நூலை இழுத்தெடுத்தபின் திரும்ப விட்டு நெய்த பொன்னிறத் துணி 2009இல் நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றிலும், அதே நூலால் ஆன மேலாடை 2012இல் லண்டனிலும் காட்சிக்கு வைக்கப்பட்டன. ஆனால் பட்டுப்புழுவைப்போல் சிலந்தியைக் கூட்டமாக வளர்க்க முடியாது. அடைத்துவைத்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். மனிதனுக்கு இவற்றால் வரும் மெய்யான பயன் துணியில் இல்லை, வயலில் இருக்கிறது.

நெல் வயலில் வரப்போரக் கதிர்களுக்கிடையே விரியும் வலைகளில் தத்துப்பூச்சியும், இலைச்சுருட்டுப்புழு, தண்டுத்துளைப்பான் ஆகியவற்றின் அந்துப்பூச்சிகளும் சிக்குகின்றன. தூர்களில் ஓடித் திரிந்து புகையான் பூச்சியை வேட்டையாடுவதில் ஓநாய்ச் சிலந்திகள் முந்தி நின்றாலும், பறக்கும் பூச்சிகளை வடிகட்டுவது வலை கட்டுபவற்றின் பங்கு. 1970களிலும் 80களிலும் ஆசிய நாடுகளில் பூச்சிமருந்து தெளித்த வயல்களிலேயே புகையான் மேலும் பெருகியது ஏன் என்று ஆராய்ந்தபோது, மருந்து முதலில் அழித்தது சிலந்திகளையும் அவைபோன்ற இரைவிழுங்கிகளையும்தான் என்பது தெளிவாயிற்று. இந்தோனேசிய அரசு 1986இல் நெல்லுக்கு அடிக்கும் 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது இந்த அனுபவத்தின் விளைவே. வரப்பில் சற்றுப் புல்லை விட்டுவைத்து, பூச்சியைக் கண்டதும் மருந்தை எடுக்காமல் சிலந்திகளை எண்ணிப் பார்த்து முடிவுசெய்யும் உழவருக்கு அவை கூலி கேளாத துணையாகின்றன. தோட்டத்தில் செடிகளுக்கு நடுவே நாளைக் காலையில் பனித்துளி கோத்த ஒரு வலை தென்பட்டால், துடைப்பத்தை எடுக்காமல், அதைச் சற்றுச் சுற்றிக்கொண்டு செல்லுங்கள்.